தனியார் ஊழியத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு: உடன் வருவது எது, கரையில் நிற்பது எது?

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுதித் தருவோம் என்று எண்ணியிருந்தோம். தமிழாசிரியர்பால் அன்பர்கள் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆயின், அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று சில மாதங்களுக்கு முன் நேர்ந்தது. நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய இளைஞர் ஒருவர், மாலைப் பொழுதில் எம் வீட்டு விறாந்தைக்கு வந்து, கையிலிருந்த நீண்ட உறையை நீட்டினார். அது நியமனக் கடிதம். கொழும்பிலே தனியார் கம்பனியொன்றின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். வயது முப்பத்திரண்டு. இப்பொழுது சொந்த மாவட்டத்திலேயே அரசாங்க அலுவலகம் ஒன்றில் நிரந்தர நியமனம் கிடைத்திருந்தது. வீட்டார் பொங்கிப் படைத்து மகிழ்ந்துவிட்டனர். அவர் முகத்தில் மட்டும் முழு மகிழ்ச்சி இல்லை.

“ஐயா, நான் ஒன்பது வருடம் உழைத்ததெல்லாம் என்னோடு வருமா? அல்லது நாளைக்கு நான் புதிதாகப் பிறந்த பிள்ளைதானா?” என்று கேட்டார்.

“தம்பி, இருந்து தேநீர் குடியும். இதற்கு ஒரு சொல்லில் விடை இல்லை” என்றோம்.

அன்று அவருக்குச் சொன்னவற்றையும், பின்னர் படித்தும் கேட்டும் தெளிந்தவற்றையும் சேர்த்து எழுதுவதே இக்கட்டுரை. நம் பழைய மாணவர் பலர் இந்நிலையில் இருக்கின்றனர். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர் நாளை இந்நிலையை அடைவர். ஆதலால் இதனைப் பயனற்ற பொருள் என்று எவரும் தள்ளமாட்டார் என நம்புகின்றோம்.

கேள்வி ஒன்று, கூறுகள் மூன்று

‘உழைத்ததெல்லாம் வருமா?’ என்னும் கேள்வியுள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. முதலாவது சம்பளம்: பழைய இடத்தில் வாங்கிய தொகை புதிய இடத்திற் கணக்கில் எடுக்கப்படுமா? இரண்டாவது சேவைக்காலம்: பழைய ஆண்டுகள் ஓய்வூதியத்துக்கும் பதவியுயர்வுக்கும் எண்ணப்படுமா? மூன்றாவது சேமிப்பு: பழைய இடத்தில் முதுமைக்கென்று சேர்ந்த பணம் என்னவாகும்? இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதினாலேயே பலர் ஏமாற்றம் அடைகின்றனர். ஒன்றுக்குரிய விதி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

இன்னொரு வேறுபாட்டையும் முதலிலேயே மனங்கொள்ளல் வேண்டும். ஒரு நிறுவனம் முழுவதும் அரசாங்கத்தின் கைக்கு மாறுவது ஒரு வகை. தனியொருவர் தம் வேலையை விட்டு அரசாங்கத்திற் சேர்வது வேறு வகை. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை நாம் ‘பாதை’யிலேறி வாவியைக் கடந்தோம் அல்லவா? பாதையில் மாட்டுவண்டியோடு ஏறியவன் மூட்டையை இறக்க வேண்டியதில்லை. வண்டி முழுவதும் அக்கரை சேரும். தோணியில் தனியே கடந்தவன் கையிற் கொண்டதை மட்டுமே கொண்டு சேர்ந்தான். சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே இருக்கின்றது. இரண்டையும் தனித்தனியே நோக்குவோம்.

வண்டியோடு கடந்தவர்: 1960ஆம் ஆண்டின் ஆசிரியர்கள்

நம் வாவிக்கரையிலே கல்வி வளர்த்தோர் பலர். 1814ஆம் ஆண்டில் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனார் முதல், கல்லடி உப்போடையிலே 1929ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்த விபுலாநந்த அடிகளார் வரை, சமயச் சார்பான நிறுவனங்களே இப்பகுதியின் பள்ளிகளிற் பெரும்பாலானவற்றைக் கட்டியெழுப்பின. இவை அரசாங்கப் பாடசாலைகள் அல்ல; அரசாங்கத்தின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள். ஆசிரியரை நியமிப்பவர் முகாமையாளர். சம்பளத்துக்கான பணமோ அரசாங்க நன்கொடையிலிருந்து வந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின், அப்பணத்தின் பொறுப்பு மேலும் அரசாங்கத்தையே சார்ந்தது. ஆகவே, அக்காலத்து உதவி நன்கொடைப் பாடசாலை ஆசிரியர் பாதி தனியார் ஊழியர், பாதி அரசாங்க ஊழியர் எனத்தகும் இடைநிலையில் இருந்தார். வேலை கொடுத்தவர் ஒருவர், சம்பளத்துக்குப் பொறுப்பு மற்றொருவர்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அவ்வாண்டு டிசெம்பர் 1ஆந் திகதி முதல் உதவி நன்கொடைப் பாடசாலைகளின் முகாமை வித்தியாதிபதியின் கைக்கு வந்தது. முதலாந் தர, இரண்டாந் தரப் பாடசாலைகள் மட்டும் விரும்பினால் தனியாராகவே இருக்கலாம் என விடப்பட்டன. ஆயின் மாணவரிடம் வகுப்புக் கட்டணம் அறவிடலாகாது என்ற நிபந்தனையும் உடனிருந்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தினாற் கட்டடங்களும் காணிகளும் அரசாங்கத்துக்கு உரித்தாக்கப்பட்டன. அரசியலிலும் சமயத்திலும் அம்மாற்றம் எழுப்பிய வாதங்கள் பல. அவற்றுட் புகுதல் எம் நோக்கமன்று. எமக்கு வேண்டியது ஆசிரியர் நிலை.

ஆசிரியர் நிலையோ எளிதாய் மாறிற்று. காரணம் யாது? மூன்று கூறுகளும் முன்னரே பாலம் இடப்பட்டிருந்தன. சம்பளம் அரசாங்க நன்கொடையிலிருந்தே வந்தமையால், எத்தொகையை ஏற்பது என்ற வழக்கு எழவில்லை. சேவைக்காலம் வித்தியா பகுதியின் பதிவேடுகளில் முன்னரே எழுதப்பட்டிருந்தமையால், எவ்வளவு காலம் பணியாற்றினார் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. இத்தகைய ஆசிரியர்க்கென்றே இளைப்பாற்றுச் சம்பள ஏற்பாடு ஒன்றும் சட்டத்தில் இருந்தமையால், முதுமைக்கான உரிமையும் நடுவழியில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மிஷன் பாடசாலை ஆசிரியராக வீட்டுக்குப் போனவர், அடுத்த கிழமை அரசாங்க ஆசிரியராக அதே கரும்பலகையின் முன் நின்றார் எனலாம்.

ஆயினும் விலை இல்லாத பேறு இல்லை. ஒரே பாடசாலையில் ஆயுள் முழுவதும் கற்பித்தவர், இனி எங்கு மாற்றினும் செல்லக் கடமைப்பட்டவரானார். இடமாற்றம் என்னும் சொல் நம் ஆசிரியர் வாழ்க்கையில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியது அதன்பின்னரே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. ஒருவர் உழைப்பு அக்கரை சேர்வதும் சேராததும் அவருடைய தகுதியைப் பொறுத்ததன்று. அவ்வுழைப்பை அரசாங்கம் முன்னரே ஏட்டில் எழுதி வைத்திருந்ததா என்பதைப் பொறுத்ததே.

எல்லாக் கையேற்பும் ஒன்றன்று

நிறுவனம் முழுவதும் கைமாறினால் எல்லாரும் அரசாங்க உத்தியோகத்தர் ஆகிவிடுவர் என்று எண்ணுதலும் தவறு. 1958ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டபோது, அவற்றின் தொழிலாளர் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் ஊழியராயினர். சபை அரசாங்கத்தினுடையது, ஊழியரோ அரசாங்க சேவையினர் அல்லர். நம் மாவட்டத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வாழைச்சேனைக் காகித ஆலை. 1950களிலே கூட்டுத்தாபனமாக அமைந்து, நம் வயல்களின் வைக்கோலையும் கடதாசியாக்கிய அவ்வாலையில் வேலை பெற்ற குடும்பங்கள் பல. ‘அரசாங்க வேலை’ என்றே ஊரார் அதனைச் சொல்வர். ஆயின் கூட்டுத்தாபன ஊழியரின் முதுமைக்கு உரியது சேமலாப நிதியே. திணைக்கள உத்தியோகத்தர் பெறும் ஓய்வூதியம் அன்று. முத்திரை அரசாங்கத்தினது என்பதனாற் சம்பளப் பட்டியலும் அரசாங்கத்தினது ஆகிவிடாது. நியமனக் கடிதத்தில் ‘நிரந்தரமானது, ஓய்வூதிய உரித்துடையது’ என்னும் சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பொங்கிப் படைக்க வேண்டும்.

தனியே கடப்பவர்: முதலாவது, சம்பளம்

இனி நம் இளைஞரின் நிலைக்கு வருவோம். அரசாங்க உத்தியோகத்தரின் நியமனம், சம்பளம், விடுமுறை முதலியவற்றை ஆள்வது தாபன விதிக்கோவை. அதனுடன் காலந்தோறும் வெளிவரும் பொது நிருவாகச் சுற்றுநிருபங்கள். இவற்றோடு ஒவ்வொரு சேவைக்கும் உரிய பிரமாணக் குறிப்பு அல்லது ஆட்சேர்ப்புத் திட்டம். வெளியிலிருந்து புதிதாகச் சேர்பவர் அப்பதவிக்குரிய சம்பள அளவுத்திட்டத்தின் ஆரம்பப் படியில் அமர்த்தப்படுவார் என்பதே பொது வழக்கு. அவர் வெளியில் இருபதினாயிரம் வாங்கினாரா, இரண்டு இலட்சம் வாங்கினாரா என்பது அங்கே கேள்வியன்று. ஒன்பது ஆண்டு அனுபவமுடைய நம் இளைஞரும், பல்கலைக்கழகத்திலிருந்து நேற்று வெளிவந்த இருபத்துநான்கு வயதுத் தம்பியும் ஒரே நாளிற் சேர்ந்தால், ஒரே படியில் நிற்பர்.

ஆரம்பப் படிக்கு மேல் அமர்த்தப்பட வேண்டுமாயின், அதற்கு ஆட்சேர்ப்புத் திட்டத்திலேயே எழுத்தில் இடமிருத்தல் வேண்டும், அல்லது உரிய அதிகாரியின் அங்கீகாரம் வேண்டும். நேர்முகப் பரீட்சையில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன ஆறுதல் வார்த்தை விதியாகாது. அரசாங்கத்துக்குள்ளேயே ஒரு பதவியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்பவர்க்கு முந்திய சம்பளத்தைக் கணக்கிற் கொள்ளும் விதிகள் உண்டு. அவற்றை எடுத்துக்காட்டித் தனியார் ஊழியத்திலிருந்து வந்தவர் உரிமை கோருதல் இயலாது.

அரசாங்கம் இவ்வாறு செய்வதற்கு நியாயமும் உண்டு. ஒரே பதவியில் ஒரே வேலை செய்யும் இருவர்க்கு இருவேறு சம்பளம் கொடுத்தால் மனக்கசப்பு உண்டாகும். வெளிக் கம்பனி கொடுத்த சம்பளச் சான்றிதழ் எவ்வளவு உண்மை என்பதை அலுவலக எழுதுநர் எவ்வாறு அறிவார்? வேண்டியவர்க்கு வேண்டிய தொகை எழுதிக் கொடுக்கும் முதலாளிமாரும் உலகில் உண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை. இந்நியாயத்தின் குறையைப் பின்னர்ச் சொல்வோம்.

இரண்டாவது, சேவைக்காலம்

ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி, மாதாந்த ஓய்வூதியம் பெறப் பொதுவாகக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். ஆண்டு கூடக்கூடச் சம்பளத்தில் ஓய்வூதியம் பெறும் வீதமும் கூடும். 30 ஆண்டு நிறைந்தவர் உச்ச வீதத்தை அடைவர். இக்கணக்கில் எண்ணப்படுவது அரசாங்க சேவைக்காலம். தனியார் கம்பனியிற் கழிந்த காலம் இதில் ஏறாது.

இதன் பொருளை மூவர் நிலையில் வைத்துக் காண்போம். ஓய்வு பெறும் வயது 60 என்று கொள்க. 32 வயதிற் சேர்ந்தவர்க்கு 28 ஆண்டு சேவை கிடைக்கும். முழு வீதத்துக்கு இரண்டு ஆண்டுகளே குறைவு. 42 வயதில் நிரந்தரமானவர்க்கு 18 ஆண்டுகள், குறைவு பெரிது. 51 வயதில் நிரந்தரமாக்கப்பட்டவர்க்கோ 9 ஆண்டுகளே கிடைக்கும்; ஓர் ஆண்டுக் குறைவினால் மாதாந்த ஓய்வூதியமே கைக்கெட்டாமற் போகக்கூடும். ‘அரசாங்க உத்தியோகம் கிடைத்தது’ என்னும் ஒரே செய்தி மூவர்க்கும் மூன்று பொருள் தருகின்றது. இளையவர் அதனை விரைந்து பற்றிக்கொள்ளலாம். நடுவயதினர் கணக்குப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

நியமனத் திகதிக்கு இவ்வளவு மதிப்பு இருத்தலினாலேயே, நம் வடக்கு கிழக்கில் நீண்டகாலம் தொண்டர் ஆசிரியராகக் கற்பித்தோர் நிரந்தர நியமனத்துக்காக அவ்வளவு போராடினர். ஆண்டுக்கணக்காகக் கற்பித்த பின்னும், கடிதத்தில் எழுதப்பட்ட திகதியே கணக்கின் முதலெழுத்தாகின்றது. நியமனம் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் முதுமையிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஓர் ஆண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லுதல் கடன். ஏற்கெனவே அரசாங்க சேவையில் இருப்பவர் அரசாங்கத்தின் வேறொரு பதவி பெற்றால், பழைய பதவியிலிருந்து முறைப்படி விடுவிப்புப் பெற்றே செல்லல் வேண்டும். அவசரத்தில் இராஜிநாமாக் கடிதம் எழுதிவிட்டால், முந்திய சேவை முழுவதையும் இழக்க நேரிடும். விடுவிப்பு, விலகல் என்னும் இரு சொற்களும் அகராதியில் அண்டை வீட்டார் போலத் தோன்றும். தாபனக் கிளையில் அவற்றிடையே ஒரு கடல் கிடக்கின்றது. தனியார் கம்பனியை விட்டு வருபவர்க்கு விலகல் இயல்பானது. அவரும் உரிய முன்னறிவித்தல் கொடுத்து, விலகலை ஏற்றுக்கொண்ட கடிதத்தையும் சேவைச் சான்றிதழையும் பெற்றே வருதல் நன்று.

மூன்றாவது, சேமிப்பு

மேற்கூறிய இரண்டும் கரையில் நிற்க, மூன்றாவது ஒன்றே உடன் வருவது. இதுவே பலர் கவனியாதது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி ஏற்பட்டது. ஊழியரின் உழைப்பூதியத்தில் அவர் பங்கு நூற்றுக்கு 8. தொழில் கொள்வோர் பங்கு நூற்றுக்கு 12. தொழில் ஆணையாளர் நாயகம் நிருவகிக்க, மத்திய வங்கி பணத்தைக் காக்கின்றது. இதன்மேல், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் கொள்வோர் தம் கையிலிருந்து நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். ஊழியரிடம் இதற்கென எதுவும் கழித்தலாகாது. மேலும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், 15 பேருக்குக் குறையாத ஊழியரை உடைய இடத்தில் 5 ஆண்டு நிறைவு செய்து விலகும் மாதச் சம்பளகாரர்க்கு, நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் வழங்க வேண்டும் என்கின்றது. தாமே விரும்பி விலகினும் இவ்வுரிமை உண்டு. விலகி 30 நாட்களுள் அது கொடுபடல் வேண்டும்.

நம் இளைஞரின் கணக்கை விறாந்தையிலேயே போட்டுப் பார்த்தோம். இறுதிச் சம்பளம் 60,000 ரூபா. மாதந்தோறும் அவர் பங்கு 4,800. கம்பனி பங்கு 7,200. ஆக 12,000 ரூபா சேமலாப நிதிக்கு. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 1,800. பணிக்கொடை அரைமாதச் சம்பளம் 30,000 வீதம் 9 ஆண்டுக்கு 270,000 ரூபா. தொடக்கத்திற் சம்பளம் குறைவாயிருந்தமையால் நிதியிற் சேர்ந்த மொத்தம் இத்தொகையை ஆண்டுகளாற் பெருக்கியதளவு வராது. வட்டியோ அதனுடன் சேர்ந்திருக்கும். எவ்வாறாயினும், ‘ஒன்றும் வராது’ என்று வந்தவரின் கையில் ஒரு நல்ல தொகை இருந்தது. பணிக்கொடை தமக்கு உண்டு என்பதையே அவர் அறியார். கம்பனியார் அதனைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மீளப் பெறலாம். ஓய்வூதிய உரித்துடைய நிரந்தர அரசாங்க நியமனம் பெறுதலும் முன்கூட்டிப் பெறுதற்குரிய காரணங்களுள் ஒன்று. நியமனக் கடிதத்தைக் காட்டி விண்ணப்பித்தல் வேண்டும். நியமனம் தற்காலிகமாயின் இக்காரணம் பொருந்தாது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலையை விட்டபின் பெறலாம். ஆயின் ஐந்தாண்டுக்கு ஒருமுறையே இது இயலும்.

இங்கேதான் நாம் அவரிடம் அழுத்திச் சொன்ன சொல் ஒன்றுண்டு. ஓய்வூதியக் கணக்கில் எண்ணப்படாத அவ்வொன்பது ஆண்டுகளின் ஓய்வூதியம் எங்கே இருக்கின்றது? அச்சேமலாப நிதியிலேயே இருக்கின்றது. அரசாங்கம் அவ்வாண்டுகளை மறந்துவிட்டது, நிதி மறக்கவில்லை. நியமனம் கிடைத்த மகிழ்ச்சியில் அப்பணத்தை எடுத்து, வாகனத்துக்கும் விருந்துக்கும் செலவிட்டால், ஒன்பது ஆண்டுகளும் உண்மையிலேயே இல்லாதனவாகிவிடும். பெற உரிமை உண்டு என்பதனால் உடனே பெற்றே ஆக வேண்டும் என்பதில்லை; நிதியில் விட்டுவைத்து வட்டியோடு வயது வந்தபின் பெறலாம். எடுப்பதாயின், அத்தொகை காணியாகவோ வைப்பாகவோ மீண்டும் சேமிப்பாதல் வேண்டும். நம்மவர் விதைநெல்லை உண்பதில்லை, இதுவும் விதைநெல்லே.

புதிய இடத்தில் என்ன நிகழும் என்பதையும் அறிந்துகொள்ளல் நன்று. ஓய்வூதிய உரித்துடைய உத்தியோகத்தர் சேமலாப நிதிக்குச் செலுத்தார். அதற்கு மாறாக விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் ஒரு பகுதி கழிக்கப்படும். விதவைகள் அநாதைகள் நிதி 1898ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. பெண் உத்தியோகத்தரின் கணவர்க்கும் பிள்ளைகட்கும் உரிய ஏற்பாடு 1983இல் வந்தது. ஓய்வூதிய உரித்தில்லாத அரசாங்க ஊழியர்க்கென 1942ஆம் ஆண்டிலிருந்து அரசாங்க சேவைச் சேமலாப நிதி என்று வேறொன்றும் உண்டு. பெயர் ஒற்றுமையால் இதனையும் தனியார் துறைச் சேமலாப நிதியையும் மயங்கற்க.

எமக்கு நேர்ந்தது

எம் வரலாற்றிலும் சிறு துளி உண்டு. ஆசிரிய கலாசாலைக்குச் செல்லுமுன், தனியார் நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டு எழுதுவினைஞராக இருந்தோம். சம்பளத் துண்டில் மாதந்தோறும் நூற்றுக்கு எட்டு கழிக்கப்பட்டது. பல ஆண்டுகளின் பின் தொழில் அலுவலகத்தில் விசாரித்தபோது, எம் பெயரில் ஏழு மாதங்களுக்கான பணமே சேர்ந்திருந்தது. எஞ்சிய பதினேழு மாதங்களுக்குச் சான்று காட்டச் சம்பளத் துண்டு ஒன்றும் எம்மிடம் இல்லை. வீட்டு வெள்ளத்தில் அவை நனைந்து போயின. செலுத்தத் தவறிய தொழில் கொள்வோரிடம் மேலதிகக் கட்டணத்துடன் அறவிடச் சட்டம் இடந்தருகின்றது. ஆயின் சான்றில்லாதவனுக்குச் சட்டம் என்ன செய்யும்? தொகை பெரிதன்று. எனினும், பிறர்க்கு இலக்கணம் கற்பித்த நாம் எம் கணக்கின் எழுத்தைப் பாராதிருந்தோம் என்ற வெட்கம் இன்றும் உண்டு. இதனை எழுதுவது பிறர் அவ்வாறு ஆகாமைப் பொருட்டே.

பிற நாட்டு வழக்கு

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. இந்திய மத்திய அரசாங்கம் 1989ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி வெளியிட்ட ஆணையொன்றினால், பொதுத்துறை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், தன்னாட்சி அமைப்புகள் முதலியவற்றிலிருந்து தெரிவாகி அரசாங்கத்திற் சேர்பவரின் முந்திய சம்பளத்துக்குக் காப்பளித்தது. தனியார் கம்பனியிலிருந்து வருபவரை அவ்வாணை சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கும், ஏட்டை நம்பக்கூடிய இடத்திலிருந்து வந்தவர்க்கே கதவு திறந்தது. ஐரோப்பாவிலோ 1977ஆம் ஆண்டின் பொதுக் கட்டளையினால், ஒரு நிறுவனம் கைமாறும்போது அதன் ஊழியரின் உரிமைகளும் உடன் செல்லல் வேண்டும் என்று விதித்தனர். பிரித்தானியா 1981இல் அதனைத் தன் சட்டமாக்கியது. அதுவும் நிறுவனம் கைமாறுவதற்கே உரியது. தனியே கடப்பவர்க்கு அன்று. ஆகவே வண்டிக்கும் தோணிக்கும் இடையேயுள்ள வேற்றுமை எங்கும் உண்டு எனலாம்.

எம் கருத்து

தனியார் சம்பளச் சான்றிதழை நம்பமுடியாது என்பதே அரசாங்கத்தின் வலிய நியாயம் என்று முன்னே கண்டோம். அந்நியாயத்துக்கு விடை அரசாங்கத்தின் கையிலேயே இருக்கின்றது. ஒருவர் எந்தக் கம்பனியில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எத்தொகைக்கு வேலை செய்தார் என்பது சேமலாப நிதியின் பதிவேட்டில் மாதவாரியாக எழுதப்பட்டுள்ளது. அதனை வைத்திருப்பது அரசாங்கத்தின் தொழில் திணைக்களமும் மத்திய வங்கியுமே. 1960இல் ஆசிரியர்க்கு வித்தியா பகுதியின் பதிவேடு எவ்வாறு பாலமாயிற்றோ, அவ்வாறே இன்று தனியார் ஊழியர்க்கு இப்பதிவேடு பாலமாகலாம்.

முழுச் சம்பளத்தையும் காக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. புதிய பதவிக்கு நேரே தொடர்புடைய வேலையில், பதிவேட்டினால் நிறுவப்பட்ட ஆண்டுகளுக்காகச் சில படியேற்றங்களேனும் அளித்தல் முறையாகும். கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டு இருந்தவரைக் கணக்குக் கிளையில் அமர்த்தி, அவர் அனுபவத்தினாற் பயன்கொண்டு, சம்பளத்தில் மட்டும் அதனை அறியாதது போலிருத்தல் அரசாங்கத்துக்கும் நன்மையன்று. தேர்ந்தவர் வரத் தயங்குவர், வந்தவர் மனங்குன்றுவர்.

செய்யத்தக்கன

விதி மாறும்வரை நாம் செய்யத்தக்கன சிலவே. வேலையிற் சேர்ந்த முதன்மாதமே சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கத்தைப் பெற்றுக்கொள்க. ஆண்டுதோறும் மீதிக் கூற்றைச் சம்பளத் துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க. அவற்றை வெள்ளம் அணுகாத இடத்தில், பிரதியோடு வைக்க. அரசாங்க நியமனம் கிடைத்தால், ஏற்றுக்கொண்டதாக எழுதுமுன் சம்பளப் படி, ஓய்வூதிய உரித்து, தகுதிகாண் காலம் ஆகிய மூன்றையும் கடிதத்தில் வாசிக்க. ஐயமிருந்தால் தாபனக் கிளையில் எழுத்தாற் கேட்டு, எழுத்தாலேயே விடை பெறுக. விலகும் நாளில் பணிக்கொடையைக் கேட்டுப் பெறுக. சுற்றுநிருபங்கள் மாறுவன, ஆதலால் இக்கட்டுரையிற் கண்டதையே முடிவாகக் கொள்ளாது, நியமன நாளில் நடைமுறையிலுள்ள விதியைப் பார்த்துக்கொள்க.

நம் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நம்முள் ஓய்வுபெற்ற பிரதம எழுதுநரும் கணக்காளரும் தொழில் அலுவலரும் பலர் உளர். ஆண்டுக்கு ஒரு நாள் கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து, நியமனக் கடிதத்தோடு வரும் இளைஞர்க்கு வழிகாட்டுவார்களாயின், விழாவெடுப்பதினும் அது பெரிய பணியாகும்.

அவ்விளைஞர் நியமனத்தை ஏற்றுக்கொண்டார். ஆரம்பப் படியிலேயே அமர்ந்தார்; முதன்மாதச் சம்பளம் கொழும்பில் வாங்கியதிலும் குறைவே. பணிக்கொடையைக் கேட்டு எழுதினார், கம்பனியார் கொடுத்தனர். சேமலாப நிதியைத் தொடவில்லை. அண்மையிற் கண்டபோது, “ஐயா, சம்பளம் இந்தக் கரையில் புதிதாய்ப் பிறந்தது. ஒன்பது வருடம் அந்தக் கரையில் பத்திரமாய் இருக்கிறது” என்றார். அறிந்து தெரிந்துகொண்டவர் சொல்லாக அது எமக்கு மகிழ்ச்சி தந்தது.